பதினொரு நிமிட ஆட்டமும் ஆண்டெல்லாம் பேச்சும்

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. பேஸ்பால் சீசன் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்த சீசன் வசந்த காலத்தில்தான். மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. ஆனால் அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பேஸ்பால் ரசிகர்கள் வேலையைப் போட்டுவிட்டு, தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து டொராண்டோவுக்குப் பறந்துகொண்டிருந்த ஒரு தனியார் ஜெட் விமானத்தின் பாதையைக் கைபேசித் திரையில் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒஹ்தானி அதில் இருக்கிறார், டொராண்டோ புளூ ஜேஸ் அணியோடு கையெழுத்திடப் போகிறார் என்று பேச்சு. விமானம் இறங்கியது. கதவு திறந்தது. உள்ளே இருந்து வந்தவர் ராபர்ட் ஹெர்யாவெக் என்ற கனடியத் தொழிலதிபர், குடும்பத்தோடு.

மறுநாள் ஒஹ்தானி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போவதாக அறிவித்தார். பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடி, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான் அவர் கைக்கு வரும் என்று தெரிந்ததும் பேச்சு அடுத்த கிளைக்குத் தாவியது. பணவீக்கத்தைக் கழித்தால் இன்றைய மதிப்பு என்ன? பணம் கைக்கு வரும் காலத்தில் அவர் கலிஃபோர்னியாவில் குடியிருக்காவிட்டால் அந்த மாநிலத்துக்கு வரி உண்டா? பீர்க் கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் வாதாடியவர்கள் ஆடிட்டர்கள் அல்லர். ஒரு பந்துகூட வீசப்படாத நாட்களில் நடந்த பேச்சு இது.

விளையாட்டு ரசிகர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள், எதைப் பேசுகிறார்கள் என்ற கேள்வியை அறிஞர்கள் சிலர் ஏற்கெனவே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1960களின் இறுதியிலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆடுவது ஒன்று, ஆடுவதைப் பார்ப்பது இன்னொன்று, பார்த்ததைப் பற்றிப் பேசுவது மூன்றாவது, அந்தப் பேச்சைப் பற்றிய பேச்சு நான்காவது என்று அடுக்கிக்கொண்டு போய், இது அரசியல் பேச்சின் இடத்தைப் பிடித்துக்கொண்ட போலிப் பேச்சு என்று முடித்தார். நோம் சோம்ஸ்கி வேறு பக்கத்திலிருந்து வந்தார். வானொலிக்கு போன் போட்டு விளையாட்டு பேசுகிற சாதாரண மனிதர்களின் நுணுக்கமான அறிவையும், நிபுணர்களை மறுக்கும் துணிச்சலையும் கேட்டு அவர் வியந்தார். இந்த மூளையை நாட்டு நடப்பில் செலுத்தாமல் இங்கே செலுத்துவதற்குக் காரணம், அங்கே அவர்களுக்குச் செல்வாக்கு இல்லாததுதான் என்றார்.

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே பழையதாகிவிட்டன என்பது என் கணிப்பு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்க விளையாட்டுச் செய்தி என்பது பெரும்பாலும் தொழிலாளர் சட்டம், ஏகபோகத் தடைச் சட்டம், பொதுப் பணம், சூதாட்ட ஒழுங்குமுறை ஆகியவற்றைப் பற்றிய செய்தியாகிவிட்டது. அரசியலுக்கு மாற்றாக இருந்த பேச்சு அரசியலாகவே ஆகிவிட்டது. பேசுகிறவர்கள் அதற்கு அந்தப் பெயரை வைப்பதில்லை, அவ்வளவுதான்.

தொடக்கத்திலிருந்து வருவோம். பேஸ்பால்காரர்களிடம் ‘ஹாட் ஸ்டவ் லீக்’ என்று ஒரு பழைய வழக்கு உண்டு. குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. சிற்றூரின் மளிகைக் கடையில் கணப்பு அடுப்பு எரியும். அதைச் சுற்றி உட்கார்ந்து போன சீசனை அலசுவதும் வரும் சீசனை அளப்பதும்தான் அந்த ‘லீக்’. நம் ஊர்த் திண்ணைக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் அது தூரத்துச் சொந்தம். இன்றும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வீரர்கள் அணி மாறும் செய்திகளுக்கு அதே பெயர்தான்.

அந்த அடுப்படிப் பேச்சுக்கு எண்களைக் கொடுத்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதில் புரூக்ளின் வந்து சேர்ந்தவர். நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர் 1850களில் பேஸ்பால் பக்கம் திரும்பினார். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் சாயலில் பேஸ்பாலுக்கும் ஓர் அட்டவணையை உருவாக்கி வளர்த்தார். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காதவனும் மறுநாள் காலை பத்திரிகையை வைத்துக்கொண்டு சண்டை போட முடிந்தது அதனால்தான். இன்று அமெரிக்கர்கள் ஒவ்வொரு அசைவுக்கும் புள்ளிவிவரம் கேட்பதன் வேர் கிரிக்கெட்டில் இருக்கிறது என்பதை அவர்களிடம் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

எண் மட்டுமல்ல, ஆட்டத்தின் அமைப்பே பேச்சுக்கு இடம் விட்டுக் கட்டப்பட்டது. 2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பு சிலவற்றைக் கடிகாரம் வைத்து அளந்து பார்த்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருந்த நேரம் சுமார் 11 நிமிடம். மிச்சமெல்லாம் கூடி நிற்பது, வரிசை கட்டுவது, மறு ஒளிபரப்பு, விளம்பரம். ஒவ்வொரு இடைவெளியிலும் பக்கத்து நாற்காலிக்காரர் ‘இப்போது என்ன செய்ய வேண்டும்’ என்று சொல்லியாக வேண்டும். உலகக் கால்பந்தில் வாயைத் திறப்பதற்குள் பந்து மறுகோடிக்குப் போய்விடும். அமெரிக்க ஆட்டம் ரசிகனின் கருத்துக்காகக் காத்து நிற்கிறது. திங்கட்கிழமை காலையில் எல்லாம் தெரிந்தவர்போலப் பேசுகிறவருக்கு அங்கே ‘மண்டே மார்னிங் குவார்ட்டர்பேக்’ என்று பட்டப்பெயரே இருக்கிறது; குவார்ட்டர்பேக் என்பவர் களத்தில் அணியின் தாக்குதலை நடத்தும் வீரர். டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் மென்பொருள் வேலைக்குப் போன நம் ஆட்கள் பலர் இந்த ஆட்டத்தின் விதிகளைக் கற்றுக்கொண்டதே, திங்கட்கிழமை அலுவலகத்தில் வாயில்லாப் பூச்சியாக நிற்கக் கூடாது என்பதற்காகத்தான்.

தொழில்முறை லீகுகளின் கட்டமைப்பை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடத்துக்குப் போன அணி கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும். அமெரிக்காவில் அது கிடையாது. லீக் என்பது முதலாளிகளின் மூடிய சங்கம். தோற்ற அணிக்குத் தண்டனைக்குப் பதில் பரிசு: அடுத்த ‘டிராஃப்ட்’டில், அதாவது புதிய இளைஞர்களைப் பங்கு போடும் நாளில், நல்ல ஆளை முதலில் பொறுக்கும் உரிமை. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் இதை 1936இல் தொடங்கியபோது முதலில் அழைக்கப்பட்ட பெயர் ஜே பெர்வாங்கர். அவர் அந்த லீகில் ஒரு நாளும் ஆடவில்லை. இன்று அதே டிராஃப்ட் ஒரு திருவிழா. 2024இல் டெட்ராய்ட் நகரில் மூன்று நாட்களில் 7.75 லட்சம் பேர் திரண்டதாகக் கணக்கு. அவர்கள் பார்க்க வந்தது ஆட்டத்தை அல்ல, மேடையில் பெயர் வாசிக்கப்படுவதை.

இதனால், படுதோல்வி அடைந்த ஊரிலும் பேச்சு ஓய்வதில்லை. இன்னும் விபரீதம், தோற்பதே திட்டமாகிவிடுகிறது. பிலடெல்ஃபியா செவன்ட்டி சிக்சர்ஸ் கூடைப்பந்து அணி 2013 முதல் மூன்று ஆண்டுகள் வேண்டுமென்றே பலவீனமான அணியை வைத்துக்கொண்டு டிராஃப்ட் இடங்களைச் சேர்த்தது. 2015-16 சீசனில் 82 ஆட்டத்தில் 10 மட்டுமே வென்றது. ரசிகர்களில் ஒரு பகுதி இதை எதிர்க்கவில்லை, கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. தன் அணி இன்று தோற்க வேண்டும் என்று பிரார்த்திக்கிற ரசிகனை வேறு எந்த நாட்டு விளையாட்டும் உண்டாக்கியிருக்குமா என்று தெரியவில்லை.

இந்த அமைப்பில் வீரனை அவனைக் கேட்காமலே இன்னோர் ஊருக்கு மாற்றிவிடலாம். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவு அதுதான் நடந்தது. டாலஸ் மேவரிக்ஸ் அணியை முந்தைய ஆண்டு இறுதிச் சுற்றுவரை கொண்டுபோன, 25 வயதே ஆன லூக்கா டான்சிச் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு வந்தவர்களில் பெரிய பெயர் அந்தோனி டேவிஸ். செய்தியை முதலில் வெளியிட்டவர் ஷம்ஸ் சரணியா என்ற நிருபர். அவருடைய கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே பலரும் முதலில் நினைத்தார்கள். விடிந்ததும் டாலஸ் அரங்கத்துக்கு வெளியே ரசிகர்கள் சவப்பெட்டி வைத்துத் துக்கம் கொண்டாடினார்கள். இந்த மாற்றத்தைச் செய்த மேலாளர் நிக்கோ ஹாரிசனை வேலையை விட்டு நீக்கச் சொல்லி எழுந்த கோஷம் கூடைப்பந்து அரங்கத்தோடு நிற்காமல் பனி ஹாக்கி ஆட்டத்திலும் கேட்டது.

அதோடு முடிந்திருந்தால் வெறும் கோபம். மே மாதம், கூடைப்பந்தில் டிராஃப்ட் வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பே இருந்த டாலஸுக்கு முதலிடம் விழுந்தது. கூப்பர் ஃபிளாக் என்ற பெரும் எதிர்பார்ப்புக்குரிய இளைஞர் கிடைத்தார். ‘டான்சிச்சைக் கொடுத்ததற்குக் கூலி’ என்று பேச்சு கிளம்பியது. 1985இல் நியூயார்க் நிக்ஸுக்கு பேட்ரிக் யூவிங் கிடைத்த குலுக்கலில் ஓர் உறையை மட்டும் முன்கூட்டியே குளிர வைத்து அடையாளம் காட்டினார்கள் என்ற நாற்பது ஆண்டு வதந்தி மறுபடி உயிர்பெற்றது. ஆதாரம் எதுவும் கிடையாது. முதலாளிகள் மூடிய அறையில் முடிவெடுக்கும் வரை இப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சம் இருக்காது. நவம்பரில் ஹாரிசன் நீக்கப்பட்டார். கோஷம் போட்டதால்தான் நீக்கினார்களா, அணி தோற்றதால் நீக்கினார்களா என்பது இப்போது தனி விவாதம்.

கோஷமும் போன் குரலும் இப்படிச் செல்வாக்குப் பெற்றதற்கு வானொலி ஒரு காரணம். 1979 செப்டம்பரில் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற சிற்றூரிலிருந்து தொடங்கியபோது, நாள் முழுக்க விளையாட்டைக் காட்ட எங்கே சரக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. 1987 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் டபிள்யூஎஃப்ஏஎன் வானொலி அதைவிடத் துணிந்தது: காட்டவே வேண்டாம், இருபத்து நான்கு மணி நேரமும் பேசினால் போதும். மைக் ஃபிரான்செசாவும் கிறிஸ் ருஸ்ஸோவும் 1989 முதல் 2008 வரை அங்கே நடத்திய மாலை நிகழ்ச்சி நாடு முழுவதும் நகலெடுக்கப்பட்டது. லாரி ஓட்டுநரும் பல் மருத்துவரும் ஒரே வரிசையில் காத்திருந்து, ‘ரொம்ப நாளா கேட்கிறேன், முதல் தடவையா கூப்பிடுகிறேன்’ என்று தொடங்குவார்கள். வகுப்பும் படிப்பும் கேட்கப்படாத அரிதான மேடை அது. அடாவடியும் அங்கேதான் பழகிக்கொள்ளப்பட்டது. பிலடெல்ஃபியா ரசிகர்கள் 1968இல் சான்டா கிளாஸ் வேடம் போட்டவர்மீது பனிக்கட்டி உருண்டைகளை எறிந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பாதி வெட்கமும் பாதிப் பெருமிதமுமாகச் சொல்வார்கள்.

பேச்சு எதுவரை போகும் என்பதற்கு அலபாமாவில் ஒரு நிகழ்வு. அந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் இல்லை. முன்னணியில் இருப்பவை இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணிகள்: அலபாமா, ஆபர்ன். 2010 நவம்பரில் அலபாமா 24-0 என்று முன்னிலையில் இருந்தும் ஆபர்ன் 28-27 என வென்றுவிட்டது. அடுத்த ஜனவரியில் பர்மிங்ஹாமிலிருந்து பால் ஃபைன்பாம் நடத்திவந்த வானொலி நிகழ்ச்சிக்கு ஒருவர் போன் செய்தார். ஆபர்ன் ஊர்ச் சந்தியில் வெற்றி நாட்களில் ரசிகர்கள் வெள்ளைக் காகிதச் சுருள் வீசிக் கொண்டாடும் இரண்டு முதிய ஓக் மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டதாகச் சொன்னார். மண்ணைச் சோதித்தார்கள், உண்மை. பேசியவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2013இல் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. அவர் விஷம் வைத்ததைவிட, அதை வானொலிக்குக் கூப்பிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. செய்ததில் பாதி திருப்தி, சொன்னதில்தான் மீதி.

கல்லூரி விளையாட்டைப் புரிந்துகொள்வது வெளியாருக்குக் கடினம். மிஷிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். எந்தத் தொழில்முறைக் கால்பந்து அரங்கத்தையும்விடப் பெரிது. பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் ஒரு பல்கலைக்கழகக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். ஆடும் மாணவர்களுக்கோ நெடுங்காலம் கல்விக் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும்தான். அவர்களுக்கு ‘மாணவ வீரர்’ என்ற பெயரைச் சூட்டியது 1950களில், கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பின் தலைமையில் இருந்த வால்டர் பையர்ஸ் தரப்பு. அடிபட்ட வீரர்கள் தொழிலாளர் இழப்பீடு கேட்டு வந்துவிடாமல் தடுப்பதற்கான சொல் அது என்று பின்னாளில் பையர்ஸே எழுதினார்.

2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பத்தே நாளில், ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. அதே ஆண்டு, ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற பழைய விதியும் முதல் மாற்றத்துக்குத் தளர்ந்தது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த ஹவுஸ் வழக்குச் சமரசப்படி, பழைய வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் தரப்படும். கல்லூரிகள் தம் வீரர்களுக்கு முதலாண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே பகிரலாம். நூறாண்டுக் காலக் கோட்டை நாலே ஆண்டில் சரிந்தது.

ரசிகர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? வயதானவர்களிடம் புலம்பல் அதிகம்: பசங்க காசுக்கு ஆட ஆரம்பிச்சுட்டாங்க, ஜெர்சிமேல் பாசம் போச்சு என்று. இந்தப் புலம்பல் எனக்கு ஒப்பவில்லை. காசு எப்போதும் இருந்தது. ஆடுகிறவன் கைக்கு மட்டும் போகாமல் இருந்தது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்புவதற்காகவே 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. வேலை செய்யாமல் இருப்பதற்கு அவ்வளவு. அப்போது பாசத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஆனால் புலம்பலில் ஒரு பகுதி நியாயம், அது நிலப்படம் சம்பந்தப்பட்டது. கல்லூரிகள் பக்கத்து மாநிலங்களோடு சேர்ந்து ‘கான்ஃபரன்ஸ்’ என்ற குழுக்களாக ஆடி வந்தன. தொலைக்காட்சிப் பணம் அந்தக் குழுக்களைக் குலைத்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் நடுமேற்கின் ‘பிக் டென்’னுக்குப் போயின, பெயரில் பத்து, அணிகள் இப்போது 18. பசிபிக் கரையோரத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்த குழுவின் பெயர் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். 1915இல் வேர்விட்ட பசிபிக் குழுவில் ஒரு கட்டத்தில் மிஞ்சியவை ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே அணிகள். ஓக்லஹோமா மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்கள் 1910 முதல் ஆண்டு தவறாமல் ஆடிவந்த கால்பந்துப் போட்டி 2023 நவம்பரோடு நின்றது. அண்ணன் ஒரு கல்லூரி, தம்பி ஒரு கல்லூரி என்று பிரிந்து நிற்கும் குடும்பங்கள் அந்த ஒரு சனிக்கிழமைக்காக ஆண்டு முழுக்க ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருக்கும். அந்தச் சீண்டலுக்கு இப்போது நாள் இல்லை. நல்லது எதுவும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது: அதே குழு மாற்றங்களில்தான் 2011க்குப் பிறகு நின்றுபோயிருந்த டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்டு எம் மோதல் 2024இல் திரும்ப வந்தது.

எக்கோவின் வாதம் உடைவது இந்தக் கல்லூரி அரங்கில்தான். 2023 டிசம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டத்திலும் வென்றிருந்தும், அதன் குவார்ட்டர்பேக் காயப்பட்டிருந்ததால் நான்கு அணிகளின் இறுதிச் சுற்றில் சேர்க்கப்படவில்லை. ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமா உள்ளே போனது. பட்டியலைத் தீர்மானித்தது ஒரு தேர்வுக்குழு. ரசிகர்களின் கொதிப்பு சில நாட்களிலேயே மாநில அரசுக்குத் தொற்றியது. அரசு வழக்கறிஞர் விசாரணை தொடங்கினார். ஆளுநர் ரான் டிசாண்டிஸ் வழக்குச் செலவுக்கு 10 லட்சம் டாலரை வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்க முன்மொழிந்தார். பல்கலைக்கழகம் தன் கான்ஃபரன்ஸ் மீதே வழக்குப் போட்டது. 2025 அக்டோபரில் லூசியானாவின் எல்எஸ்யூ, பயிற்சியாளர் பிரயன் கெல்லியை நீக்கியபோது 5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி செய்தியாளர் கூட்டத்தில், இந்த ஒப்பந்தம் போட்ட விளையாட்டு இயக்குநர் அடுத்த பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த இயக்குநர் விரைவில் விலகினார். வானொலிக்கு போன் போடுகிறவர் சொல்வதையும் ஆளுநர் சொல்வதையும் எழுதிவைத்து ஒப்பிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிப்பது சிரமம்.

பெண்கள் விளையாட்டு இந்தப் பேச்சுக்குள் நுழைந்த விதம் தனிக் கட்டுரைக்குரியது. 2024 ஏப்ரலில் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தை 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1.5 கோடிக்குக் குறைவு. ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க் அந்த அலையின் முகம். அவரையும் எல்எஸ்யூவின் கறுப்பின வீராங்கனை ஏஞ்சல் ரீஸையும் எதிரெதிரே நிறுத்தி ஓடிய பேச்சில் பந்தைவிடத் தோல் நிறம் அதிகம் பேசப்பட்டது. ஒருத்தியின் ஆணவம் இன்னொருத்திக்கு ‘தன்னம்பிக்கை’ என்று பெயர் மாறியது.

ரசிகர்கள் தங்களை அணியோடு எப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது பற்றி ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல பல்கலைக்கழகங்களில், தங்கள் கால்பந்து அணி சனிக்கிழமை வென்றிருந்தால் திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் பொறித்த உடையோடு வரும் மாணவர்கள் கூடினார்கள். வென்ற ஆட்டத்தைச் சொல்லும்போது ‘வீ’ என்றவர்கள் தோற்றதைச் சொல்லும்போது ‘தே’ என்று நழுவினார்கள். ஆங்கிலத்தின் ‘வீ’ ஒரே சொல். தமிழில் அதை நாமா, நாங்களா என்று கேட்டாக வேண்டும். ரசிகர்கள் தங்களுக்குள் பேசும்போது ‘நாம் ஜெயித்தோம்’. எதிரணிக்காரனிடம் ‘நாங்கள் ஜெயித்தோம்’. இரண்டிலும் வீரர்களைச் சேர்த்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். வீரர்களும் முதலாளியும் ‘நாம்’ என்று சொல்லும்போது ரசிகனைச் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்பதுதான் தொந்தரவான கேள்வி.

அதற்குப் பதில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் கிடைத்தது. கூடைப்பந்தின் வாரியர்ஸ் 2019இல் விரிகுடாவைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோ போனது. கால்பந்தின் ரெய்டர்ஸ் 2020இல் லாஸ் வேகஸ் போனது. மிஞ்சியிருந்தது 1968இலிருந்து அங்கே ஆடிவந்த அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணி. முதலாளி ஜான் ஃபிஷர் நல்ல வீரர்களை விற்றார், டிக்கெட் விலையை ஏற்றினார், கூட்டம் குறைந்தது, கூட்டம் இல்லை என்பதும் ஊரை விட்டுப் போவதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் தலைகீழாக ஒரு போராட்டம் செய்தார்கள். புறக்கணிப்பதற்குப் பதில் மைதானத்தை நிரப்பினார்கள். 27,759 பேர், அணியை விற்றுவிடு என்று முதலாளிக்குச் சொல்லும் பச்சைச் சட்டையும் கோஷமுமாக. அணி அன்று வென்றது. அதே வாரம் நெவாடா மாநிலச் சட்டமன்றம் லாஸ் வேகஸில் புதிய மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டில் கடைசி ஆட்டம். ஆடுகளத்து மண்ணை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் ரசிகர்கள்.

இதற்கு நேர் எதிரே விஸ்கான்சினின் கிரீன் பே. லட்சத்தைச் சற்றுத் தாண்டிய மக்கள்தொகை கொண்ட ஊரில் பேக்கர்ஸ் என்ற என்எஃப்எல் அணி நிற்பதற்குக் காரணம், 1923 முதல் அதன் பங்குகள் பொதுமக்கள் கையில் இருப்பது. இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது. லாபத்துக்கு விற்கவும் முடியாது. சுவரில் மாட்டிவைக்கும் காகிதம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் அந்த அணியை இரவோடு இரவாக லாரியில் ஏற்றிக்கொண்டு போக யாராலும் முடியாது. பால்டிமோர் கோல்ட்ஸ் அணி 1984 மார்ச்சில் அப்படித்தான் இண்டியானாபொலிஸ் போனது. இன்னோர் அணி இப்படிப் பொதுச் சொத்தாவதை இன்றைய என்எஃப்எல் விதிகள் அனுமதிப்பதில்லை.

‘நாம்’ என்ற சொல் உள்ளுக்குள்ளிருந்தும் கரைகிறது. 1962இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸின் பங்குதாரர் பில் விங்கன்பாக்கும் நண்பர்களும் வெவ்வேறு அணிகளின் வீரர்களைக் காகிதத்தில் பொறுக்கிச் சொந்தக் கற்பனை அணிகளை உருவாக்கி ஆடினார்கள். 1980இல் டேனியல் ஒக்ரென்ட் நியூயார்க்கில் பேஸ்பாலுக்கு அதையே செய்தார். அதுவரை ரசிகனுக்கு ஓர் ஊர், ஓர் அணி. இப்போது எதிரணியில் ‘என் ஆள்’ ஒருவன் ஆடுகிறான். விளையாட்டாகத் தொடங்கிய இது 2018 மே மாதம் வேறு கட்டத்துக்குப் போனது. விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் முடக்கிவைத்திருந்த கூட்டாட்சிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கைபேசியிலோ கடையிலோ பந்தயம் கட்டலாம். எந்த அணி வெல்லும் என்பதோடு நிற்பதில்லை. இந்த வீரர் இன்று எத்தனை புள்ளி எடுப்பார் என்றும் கட்டலாம். டொராண்டோ ராப்டர்ஸ் வீரர் ஜான்டே போர்ட்டர் தன் உடல்நிலைத் தகவலைப் பந்தயக்காரர்களுக்குச் சொன்னதற்காக 2024 ஏப்ரலில் ஆயுள் தடை பெற்றார். 2025 மே மாதம் ஹியூஸ்டன் அஸ்ட்ரோஸின் பந்துவீச்சாளர் லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஒரு மோசமான ஆட்டம் ஆடினார். அன்றிரவு அவருடைய குழந்தைகளைக் கொல்வதாக மிரட்டல் வந்தது. போலீஸ் தேடிப் பிடித்தது வெளிநாட்டில் இருந்த ஒரு பந்தயக்காரரை. குடித்திருந்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். எதிரணி ரசிகரின் வசைக்கு ஒரு முகவரியும் ஒரு காரணமும் உண்டு. இந்த மிரட்டலுக்குப் பின்னால் ஊரும் இல்லை, அணியும் இல்லை.

ஓக்லண்ட் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. அத்லெட்டிக்ஸ் கிளம்பிய ஊரில் ‘பாலர்ஸ்’ என்று ஒரு சிறிய பேஸ்பால் அணி 2024இல் ஆடத் தொடங்கியது. பெரிய லீக் அல்ல. பயனியர் லீக் என்ற சுயேச்சைப் போட்டி. மேற்கு ஓக்லண்டின் ரைமண்டி பூங்காவில் சிறு அரங்கம். ரசிகர்கள் கைப்பணம் போட்டுப் பங்கு வாங்கினார்கள். 2025இல் அந்த அணி கோப்பையையும் வென்றது. அதற்குச் சற்று முன், செப்டம்பரில் நடந்த ஓர் ஆட்டத்தில் எந்த வீரரை எப்போது இறக்குவது என்பதைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் விடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. ரசிகர்களில் பலருக்குக் கோபம். எங்கள் அணியில் இதென்ன கூத்து என்று கிளம்பிய சண்டை ஆட்டம் முடிந்தும் ஓயவில்லை. இந்தத் தடவை அவர்கள் ‘எங்கள்’ என்றபோது, சிலர் வீட்டில் அதற்குப் பங்குப் பத்திரமே இருந்தது.